செய்தி வந்த மறுநாளும் அவர்கள் அதே லயத்தில்தான் இருக்க வேண்டும்

நகரத்து நிருபருக்கும் தோட்டப்புற நிருபருக்கும் என்ன வித்தியாசம் என்று இளையவர்கள் கேட்கும்போது நான் வீட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். கோலாலம்பூரில் ஓர் அலுவலக ஊழியர் தன் கம்பெனியில் நடக்கும் தில்லுமுல்லை என்னிடம் சொல்லி, அது வெளியே தெரிந்துவிட்டால், அவருக்கு வேலை போகும். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மரத்தில் பால் வெட்டும் ஓர் அம்மா அதையே செய்தால் வேலை போகும், வீடு போகும், பிள்ளை படிக்கும் பள்ளி மாறும், காலங்காலமாகக் கும்பிட்ட கோயிலுக்கும் வெளியாளாகத்தான் வர வேண்டியிருக்கும். லயம் எனும் வரிசை வீடுகள், குழாய்த் தண்ணீர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில் நிற்கும் நிலம் எல்லாமே தோட்டத்துடையவை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருடைய கூரையின் கீழ்தான் நமக்குச் செய்தி சொன்னவர் படுத்துத் தூங்குகிறார்.

முப்பது வருடங்களுக்கு மேல் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எழுதியதில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். தோட்டத்தில் உண்மை ஒளிந்துகொண்டு இருப்பதில்லை. வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்குத் தெரியும், அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணிக்குத் தெரியும், லாரி ஓட்டுபவருக்குத் தெரியும், மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். அதை அச்சில் கொண்டுவந்த பிறகு, சொன்னவரை யாரும் தொட முடியாதபடி பார்த்துக்கொள்வதில்தான் என் உழைப்பில் பாதிக்கு மேல் போனது.

1980களின் தொடக்கத்தில் பகுதி நேர நிருபராகச் சேர்ந்தேன். செய்தியைக் கையால் எழுதி, படச்சுருளையும் உறையில் போட்டு, ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் பேருந்தின் டிரைவரிடம் கொடுத்துவிடுவோம். அவசரமென்றால் தொலைபேசியில் வரி வரியாக வாசிக்க வேண்டும். எங்கள் ஊர் சுங்கை சிப்புட், நாட்டுக்கே தெரிந்த பெயர். 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் இங்கே சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. அவர் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். 2008 பொதுத் தேர்தலில் அமைச்சர் சாமிவேலு இங்கே தோற்ற இரவு நாடே இந்தத் தொகுதியைத் திரும்பிப் பார்த்தது. அதனால் வெளியூர் நிருபர்கள் இங்கே வந்தால் அரசியலைத்தான் தேடி வருவார்கள். சம்பளச் சீட்டைத் தேடி யாரும் வந்ததில்லை. அந்த வேலை எனக்கு மிச்சமாக இருந்தது.

சம்பளச் சீட்டு என்று சொன்னேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் சனங்கள் காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான் இன்னும் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒரு முறை, 55 வயதாகி இபிஎப் எனும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்த ஓர் அம்மா, தன்னோடு வேலைக்குச் சேர்ந்தவளுக்கு வந்ததைவிடத் தனக்குக் குறைவாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். போனபோது சதுர பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே வருடத்துக்கு ஒரு கட்டாகச் சம்பளச் சீட்டுகள், சாக்கு நூலால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அடியில் இபிஎப் கணக்கு அறிக்கைகள், உறைகூடப் பிரிக்காமல்.

சிமெண்டுத் தரையில் சீட்டுகளை மாத வரிசையில் பரப்பினோம். அவர் பேத்தி ஜனவரி, பிப்ரவரி என்று வாசிக்க, நான் அறிக்கையில் அந்த மாதத்து வரவைப் பார்த்துப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். சீட்டில் ஒவ்வொரு மாதமும் இபிஎப் பிடித்தம் இருந்தது. அறிக்கையில் சில மாதங்கள் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த வருடத்தை எடுத்தோம். அங்கேயும் அதே மாதங்கள்தான். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்.

அந்த அம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார். "அது இலை கொட்டுற காலம் தம்பி. பால் இருக்காது."

ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் அந்த மாதங்களில் விளைச்சல் விழுந்துவிடும், தோட்டத்தின் வரும்படியும் விழுந்துவிடும். அந்தப் பள்ளத்தை நிரப்பத் தொழிலாளியிடம் பிடித்த பணத்தையே எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம். எந்தக் கணக்காய்வாளரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மரத்தோடு வாழ்ந்தவர் ஒரே பார்வையில் சொன்னார். அன்றிலிருந்து, காகிதத்தை நான் மட்டும் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். யாருடைய காகிதமோ அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் படிப்பேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எம் பேரப் போட்டுடாதேப்பா. எம் மவன் இன்னும் இங்கதான் பால் வெட்டுறான்."

பெயரைப் போடாமல் விட்டால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளச் சீட்டைப் படமெடுத்துப் பெயரை மறைத்துவிட்டு அச்சிடுவார்கள். அந்தச் சீட்டில் வேலைக்கார எண் இருக்கிறது. அதையும் மறைத்தாலும், எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ பால், எவ்வளவு ஒட்டுப்பால், எவ்வளவு முன்பணம் என்று வரி வரியாக இருக்கிறது. அந்த மாதத்தில் அதே கிலோவும் அதே முன்பணமும் இன்னொருவருக்கு இருக்காது. கிராணி தன் பெரிய புத்தகத்தை எடுத்து விரலை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடுவார். அதனால் நான் வைத்துக்கொண்ட வழி இது: ஒருவர் சீட்டில் கண்டதைப் பலர் சீட்டில் உறுதிப்படுத்துவேன். அச்சில் படம் வேண்டுமென்றால், அந்தத் தோட்டத்தை விட்டுப் பல வருடம் முன்பே போய்விட்டவரின் சீட்டைத் தேடிப் போடுவேன், அதுவும் அவர் சம்மதித்தால். இந்த விஷயத்தில், தைப்பிங்கில் மகள் வீட்டில் இருந்த ஒரு முதியவரின் சீட்டு அப்படிக் கிடைத்தது. அவருக்கு அங்கே வீடும் இல்லை, வேலை செய்யும் பிள்ளையும் இல்லை. துணிச்சலாகக் கொடுத்தார்.

செய்தி வந்தது, இபிஎப் அதிகாரிகள் தோட்ட அலுவலகத்துக்கு வந்தார்கள், விடுபட்ட மாதங்கள் தாமதக் கட்டணத்தோடு கட்டப்பட்டன. யார் சொன்னது என்று கடைசி வரை நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. எனக்கு அதில்தான் பெரிய நிம்மதி.

லயத்துக்குள் எப்படிப் போவது என்பதும் ஒரு பாடம். காலையில் போய்ப் பயனில்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் வெட்டு, பாலை எடுத்து ஸ்டோரில் நிறுத்துவிட்டுத் திரும்ப மதியமாகிவிடும். குளித்து, சமைத்து, கொஞ்சம் கண் அயர்ந்து எழுந்த பிறகு, நாலு மணிக்கு மேல்தான் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். சம்பள நாளும் வேண்டாம். அன்று கடன்காரர்களும் துணி வியாபாரிகளும் கூடியிருப்பார்கள், தண்டல் கண் எல்லா இடத்திலும் இருக்கும். அடுத்த நாள் போங்கள், சீட்டு புதுசாகக் கையில் இருக்கும்.

போனால், தகவல் தரப்போகிறவர் வீட்டுக்கு நேராகப் போகக் கூடாது. லயத்தின் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடு வரைக்கும் எல்லா வாசலிலும் நிற்க வேண்டும். ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேட்க வேண்டும். கொடுக்கிற தண்ணீரையோ வரக்கோப்பியையோ எல்லா வீட்டிலும் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். எந்த வீட்டில் அதிக நேரம் உட்கார்ந்தேன் என்று யாரும் விரல் நீட்டிச் சொல்ல முடியாதபடி நேரத்தைப் பங்கு போட வேண்டும். மறுநாள் தண்டல் விசாரித்தால், "எல்லார் வீட்டுக்கும்தான் வந்தாரு" என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. இதற்கு ஒரு மாலை முழுவதும் ஆகும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிப் போனதால் ஒரு வீட்டில் கேட்கப் போய் இன்னொரு வீட்டில் வேறு பெரிய செய்தி கிடைத்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

தனியாகப் பேச வேண்டுமென்றால் தோட்டத்துக்கு வெளியே பேசுங்கள். டவுனில் உள்ள கோப்பிக் கடை வேண்டாம், அங்கே எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறார்கள். அரசாங்க மருத்துவமனையில் மருந்துக்குக் காத்திருக்கும் இடம் நல்ல இடம், யாருக்கும் சந்தேகம் வராது. கோயில் திருவிழாக் கூட்டம் அதைவிட நல்லது. ஈப்போவில் கல்லுமலைக் கோயில் தைப்பூசக் கூட்டத்தில் நான் வாங்கிய தகவல்களை எந்த அலுவலகத்திலும் வாங்கியிருக்க முடியாது.

மளிகைக் கடைக் கடன் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகம், மலேசியாவில் அதைத் தெரியாதவர் இல்லை. ஒரு தோட்டத்தில் சம்பளம் மாதாமாதம் தள்ளிப் போகிறது என்று புகார். நிர்வாகம் மறுத்தது. சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று சீட்டில் இருக்காது. கடைக்காரர் புத்தகத்தில் இருக்கும், ஏனென்றால் சம்பளம் வந்த அன்றுதான் கடனை அடைப்பார்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். பல குடும்பங்களின் 555 புத்தகங்களில் கடன் அடைத்த தேதிகளை வரிசைப்படுத்தியபோது, சம்பளம் எந்தெந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று தானாகவே தெரிந்துவிட்டது. ஒரு காகிதம் பேச மறுத்தால் அதன் பக்கத்தில் இருக்கும் காகிதத்தைக் கேட்க வேண்டும்.

தோட்டம் கைமாறும் செய்திகள்தான் என் தொழிலில் மிகவும் வலித்தவை. விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு முதலில் காற்றில் வரும். மானேஜர் "அப்படி ஒன்றும் இல்லை" என்பார். தொழிலாளர்களுக்கு இதில் உயிர்போகிற விஷயம் இருக்கிறது. தோட்டம் கைமாறி, புதிய முதலாளி 7 நாட்களுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையை எடுத்துக் கொடுக்காவிட்டால், அவர்களுக்கு நட்டஈடு உண்டு. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 2 வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடம் வரை 15 நாள், 5 வருடத்துக்கு மேல் 20 நாள். எந்தத் தேதியில் கைமாறியது என்பது தெரியாவிட்டால் இந்தக் கணக்கே குழம்பிப் போகும்.

அந்தத் தேதி நில அலுவலகத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஒரு நிலத்தின் பதிவைப் பார்க்கலாம், பத்திரிகைக்காரர் என்று காட்டிக்கொள்ளத் தேவையே இல்லை. ஆனால் லாட் எண்ணோ பட்டா எண்ணோ வேண்டும். தோட்ட அலுவலகம் தராது. நான் கோயில் செயலவையிடம் போவேன். மண்டபம் கட்டவோ மின்சாரம் இழுக்கவோ எப்போதோ ஒரு விண்ணப்பம் போட்டிருப்பார்கள். அதன் நகலில் அந்த எண் இருக்கும். பள்ளிக்கூடத்துக் கடிதங்களிலும் இருக்கும்.

அப்படி எடுத்துக்கொண்டு கோலகங்சார் நில அலுவலகத்துக்குப் போவேன். 1877இல் இந்த நாட்டில் நட்ட முதல் ரப்பர்க் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகில்தான் வேலி போட்டு நிற்கிறது. அந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அதை நம்பித்தான் எங்கள் பாட்டன்மார்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த மரத்துக்குப் பெயர்ப்பலகையும் பாதுகாப்பும் இருக்கிறது. அதே மரத்தில் பால் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு முறை அங்கே எடுத்த பதிவில், மானேஜர் "விற்கவில்லை" என்று சொன்ன நாளுக்குப் பல மாதம் முன்பே உரிமையாளர் பெயர் மாறியிருந்தது. புதுப் பெயர் யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி. கம்பெனிப் பதிவுகளை வைத்திருக்கும் எஸ்.எஸ்.எம்.மில் அதன் இயக்குநர் பட்டியலை வாங்கினால், பழைய கம்பெனியில் இருந்த அதே ஆட்களில் இருவர் அதிலும் இருந்தார்கள். பதிவில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றால்: உரிமையாளர் பெயர், பெயர் மாறிய தேதி, நில வகை இன்னும் விவசாயம்தானா இல்லை வீடமைப்புக்கு மாற்றியாயிற்றா, எந்த வங்கியில் அடமானம், குத்தகை நிலமென்றால் எந்த வருடம் முடிகிறது. நில வகை மாறியிருந்தால் லயத்து ஆட்களுக்கு அதிக நாள் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட நேரத்தில் செய்தி எழுதுவதற்கு முன்பே அவர்களை ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுவேன். இது நிருபர் வேலை இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடே இல்லை. செய்தி வந்த பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால், அதை எடுத்துக்கொண்டு ஓட அவர்களுக்கு ஓர் இடம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி எழுதியதுதான் என் மனத்தில் மிக ஆழமாக இருக்கிறது. ரப்பருக்குப் பதில் எண்ணெய் தரும் செம்பனை வந்த பிறகு புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடம் போனது. பம்பை முதுகில் கட்டிக்கொண்டு, கையுறை கிழிந்திருந்தாலும் கிழியாவிட்டாலும், காலையிலிருந்து அடிப்பார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்த மருந்து. மூக்கில் இரத்தம் வரும், தோல் வெந்துபோகும். கோப்பி கொண்டுவந்து வைத்த ஒரு அக்காவின் விரலைப் பார்த்தேன். நகங்கள் கறுத்து, வேரிலிருந்து விலகி நின்றன. ஒரு விரலில் நகமே இல்லை. "வலிக்குதா அக்கா?" என்றேன். "மொதல்ல வலிச்சுச்சி. இப்ப உப்பு பட்டா மட்டும்தான்" என்றார், ஏதோ பருவநிலையைச் சொல்வதுபோல.

அந்தக் கையைப் படமெடுத்தேன். முகம் இல்லை, கை மட்டும். ஆனால் கையும் அடையாளம்தான். முன்கையில் பச்சை குத்தியிருந்தார், விரலில் கல் வைத்த மோதிரம். தோட்டம் முழுக்க அந்தப் பச்சையைத் தெரியும். மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, விரல் நுனிகள் மட்டும் தெரியும்படி எடுத்தேன். பின்னால் இருந்த சுவரின் நீல வண்ணமும் அந்த ஒரு லயத்தில்தான் உண்டு, அதனால் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் கையை வைக்கச் சொன்னேன். பிறகு அந்தச் செய்தித்தாளின் தேதி படத்தில் விழாதபடி திருப்பினேன். இப்படித்தான் ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும்.

பெண்கள், தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகானித்தா போன்ற அமைப்புகளும் அந்தக் காலத்தில் இதையே உரக்கச் சொல்லின. 2002இல் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் வந்தது. தளர்த்திய செய்தியைத் தட்டச்சு செய்த அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. அந்த இடைப்பட்ட வருடங்களில் எத்தனை கைகள் அந்தப் பம்பைப் பிடித்திருக்கும்!

மேலிடத்து நெருக்கடி பற்றிக் கேட்பார்கள். இருந்தது. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கீழ் பத்திரிகை உரிமத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2012இல்தான் அந்த விதி போனது. 1987 அக்டோபரில் பலரைக் கூட்டமாகக் கைது செய்த ஓப்பராசி லாலாங்கின்போது மூன்று பத்திரிகைகளின் உரிமம் ஒரே நேரத்தில் பறிக்கப்பட்டதைப் பார்த்த ஆசிரியர்கள் அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் பயந்துதான் படித்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தலையிலும் ஒரு கூரை இருந்தது. ஆனால் அவர்கள் கத்தரிக்கோலுக்குத் தப்புகிற மாதிரி எழுதக் கற்றுக்கொண்டேன். 'கொள்ளை', 'சுரண்டல்', 'அராஜகம்' என்று எழுதினால் முதலில் போவது அந்த வரிதான். பிடித்தம் இந்த மாதங்களில் நடந்தது, வரவு இந்த மாதங்களில் இல்லை, நிர்வாகத்திடம் இந்தத் தேதியில் எழுத்தில் கேட்டோம், பதில் இது என்று எழுதினால் வெட்ட இடமே இருக்காது. வாசகருக்குக் கோபம் தானாக வரும்.

அப்படியும் நின்றுபோன செய்திகள் உண்டு. அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. புகாரை எழுத உதவுவேன். விவகாரம் நீதிமன்றத்தில் திறந்த விசாரணைக்கு வந்துவிட்டால், அங்கே பேசப்பட்டதை உள்ளது உள்ளபடி உடனுக்குடன் வெளியிட 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. நேராகப் போட முடியாத செய்தி, வழக்குச் செய்தியாக முதல் பக்கத்துக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சில சட்ட விஷயங்கள், இளையவர்கள் தெரிந்தே ஆக வேண்டியவை. 2010இல் வந்த தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறைகளிடம் தகவல் கொடுப்பவரைத்தான் காக்கும். பத்திரிகைக்காரரிடம் சொன்னவரைக் காக்காது. இதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சில சமயம் முதலில் இலாகாவிடம் போகச் சொல்வதுதான் அவருக்கு நல்லது, நமக்குச் செய்தி இரண்டு வாரம் தள்ளிப் போனாலும் சரி. செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நிற்கும் நிருபருக்கு நம் நாட்டில் தனிச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. அதனால் என் குறிப்புப் புத்தகத்தில் பெயரே எழுத மாட்டேன், எனக்கு மட்டும் புரியும் அடையாளம்தான். அரசாங்கக் காகிதம் கையில் வந்தால் மேல் மூலையைப் பாருங்கள். இரகசியக் காகிதம் என்பதைக் குறிக்கும் 'ரஹ்சியா', 'சூலிட்', 'தெர்ஹாட்' என்ற மலாய் முத்திரை இருந்தால் 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் குறுக்கே வரும், வழக்கறிஞரைக் கேட்காமல் நகல்கூட எடுக்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டம் மாநில அளவில் சிலாங்கூருக்கும் பினாங்குக்கும் உண்டு. பேராக்கில் இருப்பவர்கள் நில அலுவலகம், எஸ்.எஸ்.எம்., நீதிமன்றப் பதிவு இவற்றைத்தான் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

பெரிய குற்றச்சாட்டு என்றால் வாய்ப்பேச்சோடு விடாமல், சொல்பவரைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட வைப்பேன். மலாய் தெரியாதவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் முழுக்க வாசித்துக் காட்டிய பிறகுதான். அவதூறு வழக்குப் போட 6 வருடம் வரை அவகாசம் இருக்கிறது. அதனால் குறிப்புகளையும் பிரமாணங்களையும் அதற்கு மேலும் வைத்திருங்கள், ஆனால் வீட்டில் வேண்டாம்.

செய்தி வெளிவரும் முந்தின நாள் மாலை, முடிந்தவரை லயத்துக்குப் போய்விடுவேன். நாளைக்கு என்ன வரப் போகிறது, நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தால் என்ன கேட்கும், எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்வேன். வெளிவந்த பிறகும் போவேன். அன்றைக்குத்தான் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பல நிருபர்கள் செய்தி வந்ததும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள், அந்த மக்கள் இனி எவரிடமும் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்போது நிறைய மாறிவிட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது வீட்டில் யாரோ போய்விட்ட மாதிரி இருந்தது. சம்பளச் சீட்டுகள் இப்போது கைப்பேசியில் படமாக வருகின்றன. அனுப்பியவரின் எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே சமூக ஊடகத்தில் ஏற்றிவிடுகிறார்கள் இளையவர்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனால் தயவுசெய்து நிறுத்துங்கள். படத்துக்குள்ளேயே எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். எண்களைத் தனியாக எடுத்து எழுதிக்கொண்டு படத்தை அழித்துவிடுங்கள்.

ஆனால் சீட்டைப் படிக்கும் வேலை மாறவில்லை. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று வந்தபோது எல்லாரும் கொண்டாடினார்கள். நான் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அடிப்படைச் சம்பளம் என்ற வரி உயர்ந்திருந்தது. கீழே இருந்த படிகள் சில காணாமல் போயிருந்தன. கைக்கு வந்த தொகையில் பெரிய வித்தியாசமில்லை. இப்போது 1,700 வெள்ளி. அதே வேலையை மறுபடியும் யாராவது செய்ய வேண்டும்.

எங்கள் சனம் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டது. அந்த லயங்களில் இப்போது வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய வேலை வாங்குவதற்கான அடையாளங்கள் இருப்பதாகச் சொல்லி மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தடுத்தபோதுதான் பலருக்கு அவர்கள் அங்கே இருப்பதே தெரிந்தது. கடப்பிதழைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நமக்கு நடந்ததை நாம் அறிவோம். அதனால் இதை எழுத நம்மைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மொழி தெரியவில்லை என்பது சாக்குத்தான். டவுன் கடையில் அவர்களுக்கு மொழிபெயர்க்கும் ஒருவர் எப்போதும் இருப்பார், நிர்வாகத்தோடு சம்பந்தமில்லாத ஆளாகப் பார்த்து அழைத்துக்கொண்டு போங்கள். சீட்டு எந்த மொழியில் அச்சாகி வருகிறது, அதில் எந்தெந்த வரிக்கு அர்த்தம் தெரியும் என்று முதலில் கேளுங்கள். தெரியாத வரிகளை எழுதிக்கொள்ளுங்கள். விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.